36 இன்ச் இரும்புக் கூண்டு: அடிபட்ட கடுவன் பூனைக்காக வாங்குனது, 5 மாசம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

கொளத்தூர்ல மீன் தொட்டி, பறவை, நாய்க்குட்டின்னு வரிசையா கடைங்க இருக்குல்ல, அங்க ஒரு கடைல போன ஆகஸ்ட்ல இந்தக் கூண்டு வாங்குனேன். 3,400 சொன்னாங்க, பேசி 3,200க்கு முடிச்சேன். நாய்க்குன்னு விக்கிற மடக்குக் கூண்டுதான், நீளம் 36 இன்ச், அகலம் 23, உயரம் 25, கறுப்பு பெயின்ட் அடிச்ச கம்பி, முன்னாடி ஒரு கதவு சைடுல ஒரு கதவு, அடில பிளாஸ்டிக் ட்ரே. எங்க வீட்ல நாய் கிடையாது. மனுஷங்க பக்கத்துல வந்தாலே மதில் ஏறி ஓடுற ஒரு தெருக் கடுவனுக்கு பின்னங்கால்ல புண்ணாகி புழு வச்சிருந்துச்சு, அதுக்காக வாங்குனது. இந்த மாதிரி கூண்டுக்கு ரிவ்யூ தேடுனா எல்லாமே லாப்ரடார் குட்டிக்கு பத்துமா பத்தாதா, கார்ல ஏறுமா ஏறாதான்னுதான் இருக்கு. கைக்கே வராத பூனைய இதுல வச்சு வைத்தியம் பாக்க முடியுமான்னு நான் ராத்திரி 2 மணி வரைக்கும் தேடியும் ஒண்ணும் கிடைக்கல. அதான் நடந்தத ஒண்ணு விடாம எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எங்க வீடு பெரம்பூர்ல, பழைய வீடு, மொட்டை மாடி, பக்கத்து வீட்டு முருங்கை மரம் எங்க மதில் மேல சாஞ்சு கிடக்கும். அந்த மரம் வழியாதான் அவன் வருவான். தலை பெருசா கன்னம் ரெண்டும் உப்பி ஒரு பெரிய ஆம்பளப் பூனை, சாம்பல் கலர்ல கோடு கோடா இருக்கும், எங்கம்மா பாத்த உடனே "இது கடுவன்டி, சுத்துப்பட்டுல இருக்குற பூனை எல்லாம் இவனுக்குத்தான் பயப்படும்"னு சொன்னாங்க, அதுவே பேரா நின்னுருச்சு. கடுவன். ரெண்டு வருஷமா பாக்குறேன், 15 அடிக்குள்ள ஒரு தடவ கூட விட்டதில்ல. சோறு வச்சுட்டு நான் கதவ சாத்துன அப்புறம்தான் எறங்குவான்.

ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் 3 நாள் வரல. நாலாவது நாள் சன் ஷேடு மேல படுத்துருந்தான், இடது பின்னங்கால் தொடைல கோழி முட்டை அளவுக்கு வீங்கி உடைஞ்சு சீழ் வடிஞ்சு, நாத்தம் கீழ வரைக்கும் வருது, ஈ மொய்க்குது. பூனைக்கு பூனை சண்டைல பல்லு இறங்குச்சுன்னா மேல சின்ன ஓட்டைதான் தெரியும், அது ரெண்டு நாள்ல மூடிக்கும், உள்ள சீழ் கட்டி வீங்கும்னு அப்புறம்தான் டாக்டர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். பூனை வாய்ல இருக்குற கிருமி அப்படி.

பக்கத்துல ஒரு கிளினிக்கு போன் பண்ணேன், வீட்டுப் பூனையான்னு கேட்டாங்க, இல்லன்னேன், அப்ப நாங்க தொட மாட்டோம்மா, புடிச்சுட்டு வந்தாலும் பாக்க மாட்டோம்னு வச்சுட்டாங்க. கோவத்த விட அழுகைதான் வந்துச்சு. எங்க தெருவுல ராத்திரி பூனைங்களுக்கு சாப்பாடு வைக்கிற ஒரு அக்கா இருக்காங்க, அவங்ககிட்ட ஓடுனேன். அவங்கதான் பொறி குடுத்தாங்க, எலிப்பொறி மாதிரியே ஆனா பெருசா, பூனை உள்ள போயி பலகைய மிதிச்சா கதவு விழுந்துரும். "ஒரு நாள் முழுக்க எதுவும் வைக்காதம்மா, தெருவுல யாரையும் வைக்க விடாத, பசில வந்தாத்தான் உள்ள போவான். அடில பேப்பர் போடு, கம்பி கால்ல பட்டா திரும்பிடுவான். விழுந்த உடனே மேல போர்வை போட்டு மூடிடு, இருட்டானா அடங்கிடுவான்"னு சொல்லிக் குடுத்தாங்க. வறுத்த கவலை மீன் வாசனைக்கு ராத்திரி 11:40க்கு விழுந்தான். அந்த சத்தமும் அவன் கம்பில மோதுன மோதலும் இப்ப நெனச்சாலும் வயித்தப் பெசையுது. போர்வை போட்ட ரெண்டு நிமிஷத்துல அமைதி ஆயிட்டான். அக்கா சொன்னது அப்படியே நடந்துச்சு.

மறுநாள் காலைல ஆட்டோல வேப்பேரி. 1903ல ஆரம்பிச்ச மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி, வடசென்னைக்காரங்களுக்கு நாய் பூனைன்னா மொதல்ல ஞாபகம் வர்ற இடம் அதுதான். கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், சுத்தி நாய் குரைச்சுக்கிட்டே இருக்கும், அதுக்கு மனச தயார் பண்ணிட்டுப் போங்க, பொறி மேல போட்ட போர்வைய எக்காரணம் கொண்டும் தூக்காதீங்க. ஆனா ஒருத்தர் கூட என்கிட்ட இது யாரு பூனைன்னு கேக்கல. ஒரு இளம் டாக்டரம்மா வந்தாங்க, பொறியோட கம்பி வழியாவே மயக்க ஊசி போட்டாங்க, 10 நிமிஷத்துல படுத்துட்டான். கண்ணு மட்டும் தொறந்தே இருந்துச்சு, எனக்கு உசுரே போயிருச்சு, அவங்க "இந்த மருந்துக்கு பூனை கண்ணு மூடாதும்மா, காஞ்சிடக் கூடாதுன்னு மருந்து வைக்கிறோம் பாருங்க"ன்னு கண்ணுல களிம்பு வச்சாங்க. காய்ச்சல் 104. எடை 4.6 கிலோ, இருக்க வேண்டியது 5க்கு மேலன்னாங்க. புழுவ ஒண்ணு ஒண்ணா இடுக்கில எடுத்தாங்க, நான் எண்ணுனேன், 40க்கு மேல எண்ண முடியல. சலைன் ஊத்தி ஊத்திக் கழுவி, செத்த தோல வெட்டி, தையல் போடாம தெறந்தே விட்டாங்க, சீழ் வெளிய வடியணுமாம், மூடித் தச்சா திரும்பக் கட்டுமாம்.

அங்க அவங்க அழுத்திச் சொன்னது மூணு விஷயம். ஒண்ணு, பாராசிட்டமால் மாத்திரை துளி கூட குடுக்கக் கூடாது, மனுஷங்களுக்கு காய்ச்சலுக்கு குடுக்குறது பூனைக்கு விஷம், உசுரையே எடுத்துரும். இன்னொண்ணு, புழு வச்ச புண்ணுன்னா நம்ம ஊர்ல டர்பன்டைன் ஊத்துறது, சூடம் வைக்கிறது, டெட்டால்ல கழுவுறது எல்லாம் பண்ணுவாங்க, அது எதுவும் பூனைக்கு ஆகாது, நக்கி உள்ள போயிரும், தோல் வழியாவும் ஏறும். அப்புறம், 2 நாளுக்கு மேல சாப்பிடாம இருந்தா பாத்துட்டு இருக்காதீங்க, பூனை பட்டினி கெடந்தா கல்லீரல்ல கொழுப்பு ஏறிரும், அதுக்கப்புறம் காப்பாத்துறது கஷ்டம்னாங்க. கடைசியா, "10 நாளாவது ஓடாம குதிக்காம ஒரே எடத்துல வைக்கணும், கூண்டு இருக்கா?"ன்னாங்க.

இல்ல. எனக்கு பாத்ரூம்ல விட்டு கதவ சாத்திடலாம்னு ஒரு நெனப்பு. பெரிய தப்பு, ஒரு சாயங்காலம்தான் தாங்குச்சு. மயக்கம் தெளிஞ்ச உடனே ஹீட்டர் மேல ஏறி வென்டிலேட்டர் கண்ணாடிய தள்ளிட்டான், நல்ல வேளை வெளிய கம்பி இருந்துச்சு, அங்கருந்து வாஷிங் மெஷின் பின்னாடி விழுந்து புண்ணுல ரத்தம். உள்ள போனாலே சுவத்துல பாயுறான். அன்னிக்கு ராத்திரி நான் அவசரத்துல கை விட்டு எடுக்கப் போயி மணிக்கட்டுல நாலு கோடு நல்லா இழுத்துட்டான். ஒடனே குழாய்ல சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவுனேன், காலைல எங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல ரேபிஸ் தடுப்பூசி மொத டோஸ், அப்புறம் 3, 7, 28வது நாள், ஒரு பைசா வாங்கல. 10 நாள் பூனை நல்லாருக்கான்னு பாத்துட்டு போட்டுக்கலாமான்னு கேட்டேன், ஊசிய மொதல்ல ஆரம்பிங்க, பூனைய அப்புறம் பாருங்கன்னு நர்ஸ் கண்டிப்பா சொல்லிட்டாங்க. இதப் படிக்கிறவங்களும் இதுல விளையாடாதீங்க, தெருப் பூனைகிட்ட கீறல் பட்டாலே போட்டுக்கோங்க.

அங்கருந்து நேரா கொளத்தூர். கடைக்காரர் மொதல்ல காட்டுனது பிளாஸ்டிக் கேரியர், பூனைய வச்சு தூக்கிட்டுப் போற சின்னப் பெட்டி, "பூனைக்கு இது போதும் மேடம், இவ்ளோ பெரிய கூண்டு எதுக்கு"ன்னாரு. ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போக கேரியர் வேணும்தான், ஆனா மூணு வாரம் வாழ அது ஆகாது, சாப்பாடும் கக்காவும் ஒரே எடத்துல வச்சா பூனை சாப்பிடாது. பெரிய கூண்டா பாத்து 42 இன்ச் எடுக்கலாம்னும் தோணுச்சு, எங்க ரூம்ல எடம் பத்தல. இப்ப சொல்றேன், 36 கரெக்ட். ஒரு முனைல கக்கா போக மண்ணு தட்டு, ஒரு முனைல அட்டைப் பெட்டி, நடுவுல தண்ணியும் சாப்பாடும், அவன் எந்திரிச்சு நின்னு ஒரு தடவ திரும்ப எடம் இருக்கும், பாஞ்சு ஓட எடம் இருக்காது. அடிபட்ட காலுக்கு அதுதான் வேணும்.

இனி கூண்டப் பத்தி. ரெண்டு கதவு இருக்குறதுதான் இதோட உசுரு. ஒரு கதவு இருக்குற கூண்ட சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. ஏன்னா பயந்த பூனை கதவுக்கு எதிர் மூலைல ஒடுங்கும், அதனால அவன் எந்த மூலைல ஒடுங்குறானோ அதுக்கு தூரமா இருக்குற கதவத் தெறந்து நம்ம வேலைய முடிச்சிடலாம், கை அவன் பக்கம் போகவே வேணாம். நான் முன் கதவு பக்கம் மண்ணு தட்டும், சைடு கதவுக்கு எட்டாத உள் மூலைல ஒரு மிக்ஸி வந்த அட்டைப் பெட்டிய ஒரு பக்கம் வெட்டி கவுத்தும் வச்சேன். அந்தப் பெட்டிதான் அவன் வீடு. உள்ள போயி முதுக சுவத்துல ஒட்டிக்கிட்டு கண்ணு மட்டும் தெரியுற மாதிரி உக்காந்துக்குவான். அவன் உள்ள இருக்கும்போது பெட்டி வாய்ல ஒரு தடி அட்டைய மெதுவா சொருகிட்டா கூண்டு மொத்தத்தையும் நிம்மதியா சுத்தம் பண்ணலாம். பெட்டி ஈரமானா மாத்துங்க, ஆனா பழைய பெட்டில விரிச்சிருந்த துணில ஒரு துண்ட புதுசுல போட்டுடுங்க, அவன் வாசனை அதுல இருக்கணும்.

தரைல வைக்காதீங்க, இது முக்கியம். மொத நாள் தரைல வச்சேன், நான் நடந்தாலே எகிறுனான். மறுநாள் பழைய மர டேபிள் மேல ஏத்துனோம், என் இடுப்பு உயரம், சுவத்து ஓரமா, மூணு பக்கமும் பழைய பருத்தி சேலை போட்டு மூடி, முன்பக்கம் மட்டும் பாதி. அன்னிக்கு ராத்திரியே மொத தடவ சாப்பிட்டான். அது கூண்டுல விட்டு 30 மணி நேரம் கழிச்சு. நான் கதவுக்கு வெளிய நின்னு தட்டு நகர்ற சத்தத்த கேட்டுட்டு இருந்தேன், அம்மா பின்னாடி வந்து "சாப்பிடுறானா?"ன்னு குசுகுசுன்னு கேட்டாங்க. வீட்டுக்குள்ள பூனைய கொண்டு வந்ததுக்கு ரெண்டு நாளா என்கிட்ட பேசாம இருந்தவங்க அவங்க.

குறைங்கள சொல்லிடுறேன். தாழ்ப்பாள் சத்தம், அதுதான் மொத எதிரி, கம்பிய தூக்கி இழுக்கும்போது கணீர்னு அடிக்கும், ஒவ்வொரு தடவையும் அவன் அரை அடி எகிறுவான். கொண்டி உக்கார்ற ரெண்டு எடத்துலயும் பழைய துணி சுத்தி நூல் கட்டுனேன், சரியாச்சு. அடி ட்ரே வழுக்கிட்டு வெளிய வந்துரும், தடுப்பு ஒண்ணும் வைக்கல, பின்னாடி கேப் விழுந்து அவன் அதுல கை விட்டு பேப்பர கிழிச்சு இழுத்தான், ரெண்டு பைண்டர் கிளிப்பு போட்டேன். முன் கதவு உள்பக்கம் ரெண்டு எடத்துல கம்பி முனை மொட்டையா நீட்டிட்டு இருந்துச்சு, கையால தடவிப் பாத்ததால தெரிஞ்சுச்சு, அரம் வச்சு தேச்சேன். வாங்குற அன்னிக்கே எல்லாரும் உள்பக்கம் முழுக்க தடவிப் பாருங்க, புண்ணோட இருக்குற பூனைக்கு இன்னொரு புண்ணு வேணாம். மேல கதவு இல்ல, இருந்திருந்தா நல்லாருக்கும். கம்பி இடைவெளி ஒண்ணே கால் இன்ச் இருக்கும், பெரிய பூனைக்கு பரவால்ல, ஆனா கை வெளிய வரும், மூஞ்ச கிட்ட கொண்டு போகாதீங்க. குட்டிப் பூனைக்கு இது வேணவே வேணாம், நுழைஞ்சு வந்துரும் இல்ல தலை மாட்டிக்கும்.

மண்ணு தட்டுக்கு கடைல விக்கிற கட்டி கட்டுற மண்ணையும் வாங்குனேன், 5 கிலோ, அப்படியே கெடக்கு. தெறந்த புண்ணுல அது ஒட்டிக்கும்னு டாக்டர் வேணாம்னுட்டாங்க, நியூஸ் பேப்பர நாரா கிழிச்சுப் போடச் சொன்னாங்க. மொத நாளே அதுல போனான். தெருப் பூனைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

மருந்து அமாக்ஸிசிலின் க்ளாவுலனேட் சொட்டு, ரெண்டு வேளை, 10 நாள். கையால வாய்ல ஊத்துறதெல்லாம் இந்தப் பூனைகிட்ட நடக்காது, நெனைக்கவும் வேணாம். கடைல வாங்குன பாக்கெட் உணவுல கலந்தேன், மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிட்டான். அம்மா கவலை மீன உப்பு, மஞ்சத்தூள், வெங்காயம், பூண்டு எதுவும் போடாம வேக வச்சு முள்ளு எடுத்து அதுல கலந்தா நக்கி முடிச்சுட்டான் (வெங்காயமும் பூண்டும் பூனை ரத்தத்தையே கெடுக்கும், மீன் கொழம்புல இருந்து எடுத்துக் கழுவிக் குடுக்குறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க). மொதல்ல மருந்து கலந்தது ஒரே ஒரு ஸ்பூன், அது முடிஞ்சாதான் மீதி சாப்பாடு. மொத்தமா கலந்தா பாதி வச்சுட்டா எவ்ளோ மருந்து உள்ள போச்சுன்னே தெரியாது.

நெறைய பேரு நம்பிக்கைன்னா தடவுறதுன்னு நெனைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். பூனைக்குட்டி பொறந்து ரெண்டு வாரத்துல இருந்து ஏழு வாரத்துக்குள்ள மனுஷ கை பட்டு வளர்ந்தாத்தான் மனுஷங்கள சுலபமா ஏத்துக்கும், அந்தக் காலம் தாண்டுன பூனைக்கு நம்ம வெறும் பெரிய மிருகம்னு டாக்டர் சொன்னாங்க, இவனுக்கு பல்லு பாத்து 4 வயசு இருக்கும்னாங்க. அப்ப இவனுக்கு நான் என்ன குடுக்க முடியும்? கூண்ட ஒரு வாரம் பாத்துக்கிட்டே உக்காந்ததுல புரிஞ்சுச்சு, கை உள்ள வராதுங்குற உறுதியத்தான் குடுக்க முடியும். கூண்டு அவன அடைச்சு வைக்கிறதுன்னு எனக்கு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ஆனா அதே கம்பி என்னையும் அவன்கிட்ட இருந்து தடுத்து வச்சுச்சுல்ல, என் அவசரத்தையும் சேத்து. பாத்ரூம்ல அந்தக் கம்பி இல்லாததாலதான் நான் கை நீட்டுனேன், அவன் கீறுனான்.

அதனால நேரத்த மட்டும் கெட்டியா புடிச்சுக்கிட்டேன். காலைல 6:30, ராத்திரி 9. ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி வெளியருந்தே "கடுவா, வரேன்டா"ன்னு ஒரு குரல், அதே குரல், அதே செருப்பு சத்தம், அதே நைட்டி கூட. சாப்பாடு வச்சு தண்ணி மாத்தி பேப்பர் மாத்தி, அப்புறம் அரை மணி நேரம் டேபிள்ல இருந்து 5 அடி தள்ளி சேர போட்டு சைடா உக்காந்து தினத்தந்தி சத்தமா படிப்பேன். நேருக்கு நேர் பாக்க மாட்டேன். சிந்துபாத் வரைக்கும் படிச்சுருக்கேன் அவனுக்கு. மொத வாரம் முழுக்க சீறல்தான், கதவத் தெறந்தா அட்டைப் பெட்டிக்குள்ள இருந்து பட்டுன்னு ஒரு அறை. சீறுறத கோவம்னு எடுத்துக்காதீங்க, அது "கிட்ட வராத, பயமா இருக்கு"ன்னு அவன் சொல்றது. சீறுன உடனே நான் ஒரு அடி பின்னாடி போயிருவேன். அவன் சொன்னது எனக்குப் புரிஞ்சுச்சுன்னு அவனுக்குத் தெரியணும்ல.

9வது நாள் நான் ரூம்ல இருக்கும்போதே சாப்பிட்டான். 11வது நாள் சீறல் இல்ல. 12வது நாள் நான் பேப்பர மடிச்சுட்டு அவன் பக்கம் பாத்து கண்ண பாதி மூடி மெதுவா தெறந்தேன், இத அந்த டாக்டரம்மா சொல்லிக் குடுத்துருந்தாங்க, பிரிட்டன்ல சசெக்ஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க 2020ல இத ஆராய்ச்சியே பண்ணி வெளியிட்டுருக்காங்க, மனுஷங்க அப்படி கண்ண சுருக்கி மூடுனா பூனையும் பதிலுக்கு மூடுது, அறிமுகம் இல்லாத ஆளா இருந்தாலும் கிட்ட வர்றதுக்கு வாய்ப்பு கூடுதுன்னு. நாலு நாளா பண்ணிட்டுதான் இருந்தேன், வெறிச்சுப் பாத்துட்டே இருப்பான். அன்னிக்கு மூடுனான். ரெண்டு கண்ணும், மெதுவா, ஒரு தடவ. நான் அசையவே இல்ல, கண்ணுல தண்ணி வந்து தொடைக்கக் கூட கைய தூக்கல.

அதுக்கப்புறம் நீளக் கரண்டி. அம்மாவோட மரக் கரண்டி, ஒன்றரை அடி. அது நுனில மீ-ஓன்னு பூனைக்கு விக்கிற க்ரீம் ட்ரீட் தடவி கம்பி வழியா நீட்டுவேன். 15 கிராம் குச்சி பாக்கெட், இதுக்கு கண்ண மூடிட்டு 5 ஸ்டார் குடுப்பேன், ஒரு குச்சிய மூணு நாளைக்கு வச்சுக்கலாம், சாப்பாட்டுக்கு பதிலா இல்ல, இதுக்கு மட்டும். மொதல்ல கரண்டிய அறைஞ்சான், அப்புறம் மோந்தான், அப்புறம் நக்குனான். 16வது நாள் நக்கிட்டு இருக்கும்போது கரண்டியோட பின்பக்கத்தால கன்னத்துல லேசா ஒரு தேய்ப்பு. நின்னான், யோசிச்சான், திரும்ப நக்க ஆரம்பிச்சுட்டான். 19வது நாள் அவனே கன்னத்த கரண்டில தேச்சான். கரண்டிய அம்மா "இனிமே அது அவனோடது"ன்னு குடுத்துட்டாங்க.

கேரியர் விஷயம் ஒண்ணு சொல்லணும். 10வது நாள் அட்டைப் பெட்டிய எடுத்துட்டு அதே எடத்துல கேரியரோட கதவ கழட்டிட்டு அதே துணியோட வச்சேன். ஒரு ராத்திரி வெளிய உக்காந்தான், மறுநாள் உள்ள போயிட்டான். 21வது நாள் வேப்பேரி போகும்போது விடியக்காலைல அவன் கேரியர்ல தூங்கிட்டு இருந்தான், கதவ மாட்டி அப்படியே தூக்கிட்டேன். சண்டை இல்ல, பொறி இல்ல, துண்டு போட்டு அமுக்குறது இல்ல. இந்த ஒரு வேலைக்காகவே கூண்டுக்குள்ள கேரியர் நொழையுதான்னு வாங்கும்போதே அளந்து பாருங்க.

புண்ணு சின்ன ரூபா காசு அளவுக்கு சுருங்கி ரோஸ் கலர்ல சதை வந்துருச்சு. அன்னிக்கே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ணி, ரேபிஸ் ஊசி போட்டு, இடது காது நுனிய கொஞ்சூண்டு வெட்டி விட்டாங்க, ஆபரேஷன் ஆன பூனைன்னு தூரத்துல இருந்தே தெரியுறதுக்கு. ஆபரேஷன் ஆச்சுன்னா சுத்துறதும் சண்டை போடுறதும் கொறையும், இந்த மாதிரி கடியும் கொறையும். இந்த சண்டைதான அவன இந்த நெலமைக்கு கொண்டு வந்துச்சு.

24வது நாள் மொட்டை மாடில கூண்ட கொண்டு போயி வச்சு கதவத் தெறந்தேன். வீட்டுக்குள்ளயே வச்சுக்கலாமேன்னு எல்லாரும் கேட்டாங்க, நானும் ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன். 4 வருஷம் மதிலும் மரமும்னு வாழ்ந்தவன், ராத்திரி ஆனா கம்பிய பாத்து கத்த ஆரம்பிச்சுட்டான், கால் சரியாயிடுச்சு, அவனுக்கு அவன் எடம் வேணும். வெளிய வந்தான், மோந்தான், முருங்கை மரத்துல ஏறிப் போயிட்டான். திரும்பிப் பாக்கல. நாலு நாள் வரல. அந்த நாலு நாளும் காலைல 6:30க்கு "கடுவா, வரேன்டா"ன்னு சொல்லிட்டுதான் தட்டு வச்சேன். அஞ்சாவது நாள் தட்டுக்குப் பக்கத்துல உக்காந்துருந்தான். நான் கதவ சாத்தல, அவன் ஓடல.

இப்ப 2 அடி தள்ளி உக்காந்தா சாப்பிடுறான். அக்டோபர் கடைசில ஒரு நாள் சாப்பிட்டு முடிச்சு போற வழில என் கால் விரல்ல நெத்திய ஒரு முட்டு முட்டிட்டுப் போனான். ரெண்டு விரலால நெத்தில தொட விடுறான், அதுக்கு மேல போனா எந்திரிச்சுப் போயிடுவான், நானும் அதுக்கு மேல போறதில்ல. மடில உக்காருமா, தூக்க முடியுமான்னு கேக்குறவங்களுக்கு, இல்ல, முடியாது, தேவையும் இல்ல.

கூண்டு பெயின்ட் பத்தி. மழைல வெளிய வச்சா நிக்காது, நவம்பர்லயே மூலைல எல்லாம் துரு. மடக்கி உள்ள வைக்கணும், மடக்குனா ரெண்டரை இன்ச் கனம்தான், கட்டில் அடில போயிரும். மொத்தத்துல 5க்கு 4. தாழ்ப்பாளுக்கும் ட்ரேக்கும் அரை அரை கொறைச்சுருக்கேன்.

ஆனா என்னோடது மடக்கி வைக்கல. மழை ஆரம்பிச்ச வாரம் ஒரு ராத்திரி விடாம கொட்டுச்சு, காலைல மாடி ஷெட்டுக்கு அடில, மடக்க மறந்து விட்டுருந்த கூண்டுல, பழைய சேலை மேல அவன் சுருண்டு தூங்கிட்டு இருந்தான். கம்பிக்குள்ள. அவனா போயி. அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு கதவையும் ஸ்பேனர் வச்சு கழட்டி எடுத்துட்டேன், மேல தார்பாய் கட்டிருக்கேன். துரு பிடிச்சா பிடிச்சுட்டுப் போகட்டும், அடுத்த அடிபட்ட பூனைக்கு வேற வாங்கிக்கலாம்.